ஹார்ட் டிஸ்க் பிஐஓ-வில் சிக்கிக்கொண்டால்: ரீசெட்டா, கேபிளா, புது டிஸ்க்கா?

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும் எங்கே போய்ப் பார்த்தாலும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஏதாவது ஒரு மேசையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுத ஒன்று, ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பத்துக்கு ஒன்று, லாட்ஜ் ரிசப்ஷனில் ஒன்று, உப்பு லோடு ஏறும் இடத்தில் எடைமேடைக்கு என்று ஒன்று. விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தது, மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு அதைக் கைவிட்டது. ஆனாலும் இந்த மெஷின்களை மாற்ற யாருக்கும் மனசு வராது, ஏனென்றால் எடைமேடை சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, பழைய ஸ்கேனருக்குப் புது விண்டோஸில் டிரைவர் கிடையாது, கணக்கு எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில் கிடக்கிறது.

இந்த மெஷின்கள் ஒரு நாள் திடீரென்று இழுக்க ஆரம்பிக்கும். விண்டோஸ் திறக்கவே டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆகும், ஃபைல் காப்பி போட்டால் மவுஸ் துள்ளித் துள்ளிப் போகும், பாட்டு விக்கி விக்கிப் பாடும். "அண்ணே, வைரஸ் போல" என்றுதான் கொண்டுவருவார்கள். பல நேரம் வைரஸ் இல்லை. டிஸ்க் பேசுகிற முறையை விண்டோஸே பிஐஓ என்ற மெதுவான பழைய முறைக்குத் தாழ்த்தி வைத்திருக்கும். அப்படி ஆன மெஷினை என்ன செய்யலாம், எதை முதலில் செய்யலாம், எதற்குக் காசு செலவழிக்கலாம் என்பதைத்தான் இங்கே ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சொல்லப் போகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு ஊரில் எப்படியோ, நம் கடற்கரையில் முதலில் பார்க்க வேண்டியது கேபிளும் காண்டாக்டும்தான். விண்டோஸில் பழைய வேகத்தை மீட்கும் ரீசெட் அதற்கு அப்புறம். டிஸ்க்கே போகிற நிலையில் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு டேட்டாவை எடுக்கிற வேலையைப் பாருங்கள்.

முதலில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் புரிந்துகொண்டால் முடிவு எடுப்பது சுலபம். ஐடிஇ டிஸ்க், அதாவது அகலப் பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை டிஸ்க், டேட்டாவை மெமரிக்கு அனுப்ப இரண்டு வழி உண்டு. பிஐஓ என்பதில் பிராசசரே உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக வாங்கி மெமரியில் போட வேண்டும், அதனால்தான் காப்பி ஓடும்போது பிராசசர் நூறு சதவீதத்தில் போய் முட்டிக்கொண்டு மற்ற எல்லாம் திணறுகிறது. டிஎம்ஏ-வில் கன்ட்ரோலரே நேராக மெமரியில் எழுதிவிடும், பிராசசர் தன் வேலையைப் பார்க்கும். பிஐஓ-வின் உச்சமான 4-ஆவது மோடுக்கே ஏட்டளவில் நொடிக்கு 16.7 எம்பிதான், நடைமுறையில் அதில் கால்வாசி கிடைத்தாலே பெரிது. அல்ட்ரா டிஎம்ஏ 5-க்கு 100, 6-க்கு 133. ஸ்டுடியோக்காரர் 20 ஜிபி படங்களைக் காப்பி போடுகிறார் என்று வையுங்கள், நொடிக்கு 3 எம்பி வந்தால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், 50 எம்பி வந்தால் ஏழு நிமிஷம். ஒரே டிஸ்க், ஒரே மெஷின்.

சரி, விண்டோஸ் ஏன் தானாகவே தாழ்த்துகிறது? கேபிளில் வரும் டேட்டா ஒழுங்காக வந்ததா என்று சிஆர்சி என்ற ஒரு சரிபார்ப்பு ஒவ்வொரு தடவையும் நடக்கும். அது பொருந்தாமல் போனாலோ, டிஸ்க் குறித்த நேரத்தில் பதில் சொல்லாமல் போனாலோ அது ஒரு பிழை. எக்ஸ்பி-யில் ஐடிஇ-யைக் கவனிக்கும் டிரைவர் இந்தப் பிழைகளைக் கூட்டிக்கொண்டே வரும், ஆறு சேர்ந்ததும் டிஎம்ஏ-வை ஒரு படி இறக்கும், மேலும் பிழை வந்தால் இன்னும் இறக்கும், கடைசியில் பிஐஓ. இந்த ஆறும் ஒரே நாளில் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. மழைக்காலத்தில் இரண்டு, கரன்ட் போய் வந்தபோது ஒன்று என்று சேர்ந்தாலும் கணக்கு கணக்குதான். இறங்கிய பிறகு தானாக ஏறாது, ரீஸ்டார்ட் செய்தாலும் ஏறாது, ஏனென்றால் அது விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிந்துவிட்டது.

இங்கேதான் பெரிய குழப்பம் நடக்கிறது. மெஷினைக் கடைக்குக் கொண்டுபோனால் உடனே ஃபார்மேட் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஃபார்மேட் போட்டால் ரெஜிஸ்ட்ரி புதுசு, பிழைக் கணக்கு பூஜ்யம், டிஸ்க் மறுபடி டிஎம்ஏ-வில் ஓடும், மெஷின் பறக்கும். வாங்கியவரும் மகிழ்ச்சி, கொடுத்தவரும் மகிழ்ச்சி. கேபிள் அப்படியே இருக்கிறது, கேபிள் மாட்டும் முள்ளில் உப்புக் காற்றால் பிடித்த பச்சை அப்படியே இருக்கிறது, மறுபடி ஆறு பிழை சேர்ந்ததும் மறுபடி அதே இழுவை. இதற்கிடையில் பழைய சாஃப்ட்வேரின் லைசென்ஸ் ஃபைல், டெஸ்க்டாப்பில் வைத்திருந்த பட்டியல், யாரோ கொடுத்த டிரைவர் எல்லாம் போய்விட்டன. இந்த ஒரு கோளாறுக்காக ஃபார்மேட் போடுவதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்க மாட்டேன்.

எதையும் தொடும் முன் பார்க்க வேண்டியவை

மை கம்ப்யூட்டரை ரைட் கிளிக் செய்து மேனேஜ், டிவைஸ் மேனேஜர், அதில் ஐடிஇ கன்ட்ரோலர்கள் என்ற வரியை விரித்தால் பிரைமரி ஐடிஇ சேனல், செகண்டரி ஐடிஇ சேனல் என்று இரண்டு தெரியும். பிரைமரியின் ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். டிரான்ஸ்ஃபர் மோடு என்ற பெட்டியில் 'டிஎம்ஏ இஃப் அவைலபிள்' என்று இருக்கும், அதைப் பார்த்து நிம்மதி அடைந்து மூடிவிடாதீர்கள், அது நாம் கேட்டது மட்டும்தான். அதற்குக் கீழே கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோடு என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருக்கிறதே, அதுதான் உண்மையில் நடப்பது. அல்ட்ரா டிஎம்ஏ மோடு 5 என்று இருந்தால் நோய் வேறு எங்கோ. அல்ட்ரா டிஎம்ஏ மோடு 2 என்று இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பிஐஓ மோடு என்று இருந்தால் மேலே படியுங்கள். விண்டோஸ் 7-ல் இதே இடம் ஏடிஏ சேனல் 0, 1 என்ற பெயரில் இருக்கும், எனேபிள் டிஎம்ஏ என்று ஒரு டிக் பெட்டியும் உண்டு.

அப்புறம் விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூயர். சிஸ்டம் பகுதியில் சிவப்பும் மஞ்சளுமாக வரிசையாக நிற்கும். 9 என்ற எண் டிஸ்க் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம், 11 கன்ட்ரோலர் பிழை. 7 என்று பார்த்தால் அது மோசமான சேதி, டிஸ்க்கின் தட்டிலேயே கெட்ட இடம் இருக்கிறது. தேதியையும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். தினமும் காலை மெஷின் போட்டதும் வருகிறதா, கரன்ட் போய் வந்த நேரத்தில் வருகிறதா, மழை நாட்களில் மட்டும் வருகிறதா என்பது பாதி விடையைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேரைப் போட்டு டிஸ்க் தன்னைப் பற்றியே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பாருங்கள். அதில் மூன்று வரி போதும். சி7 என்பது கேபிள் வழியில் வந்த சிஆர்சி பிழைகள். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தத்தளிக்கும் செக்டர்கள். சி7 மட்டும் ஏறியிருந்து மற்ற இரண்டும் பூஜ்யம் என்றால் டிஸ்க் நல்ல டிஸ்க், வழிதான் சரியில்லை. சி5-ல் எண் இருந்தால் வழி சரியோ தப்போ, டிஸ்க்கை நம்ப முடியாது. இந்த ஒரு வித்தியாசம்தான் உங்கள் காசு எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது, இதைப் பார்க்காமல் யார் என்ன யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேபிளும் காண்டாக்டும்

நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது என்பது யாருக்கும் புதுசில்லை. ஜன்னல் கம்பி, கேட்டு, பைக் சைலன்சர் எல்லாம் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கம்ப்யூட்டருக்குள் ஃபேன் இழுக்கும் காற்றும் அதே காற்றுதான். உப்புத் தூசி காண்டாக்டில் படிந்திருக்கும்போது காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே தண்ணீரை இழுத்து நனைந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே எத்தனை நாள் அதற்குக் கீழே இருக்கிறது? முள்ளின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சில் நுண்ணிய ஓட்டை இருந்தால் போதும், உள்ளே இருக்கும் செம்பு வெளியே வந்து பச்சை பிடிக்கும்.

தங்கச்சிமடம் பக்கம் ஒரு ஸ்டுடியோ மெஷின். கடைக்கும் கடலுக்கும் நடுவில் நாலு தென்னை மரம்தான். கேஸைத் திறந்து டிஸ்க்கின் பின்னால் இருந்த பட்டைக் கேபிளை இரண்டு ஓரமும் பிடித்து மெதுவாக இழுத்தேன். வழக்கமாக வழுக்கி வரவேண்டியது கரகரவென்று வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு வரிசை முள்ளில் நடுவில் உள்ளவை பளபளப்பாக இருக்கின்றன, ஓரத்தில் உள்ள ஏழெட்டு முள்ளின் அடியில் மட்டும் பாசி மாதிரி பச்சை. கேபிளின் துளைக்குள்ளும் அதே பச்சைப் பொடி. முழுதாக அறுந்திருந்தால் டிஸ்க்கே தெரியாது, உடனே கண்டுபிடித்துவிடலாம். இப்படி அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் ஆபத்து, பெரும்பாலும் வேலை செய்யும், எப்போதாவது ஒரு பிழை விடும், அந்த எப்போதாவது ஆறாகச் சேரும்.

செய்ய வேண்டியது இதுதான். கரன்டை முழுதாக எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் முள்ளை அடிவரை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புதுக் கேபிள் போடுங்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கவே கூடாது, மிச்சம் இருக்கும் பூச்சும் போய்விட்டால் அடுத்த மழைக்கு இன்னும் வேகமாகப் பச்சை ஏறும். தேங்காய் எண்ணெய், வேஸ்லின் பூசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், வேண்டாம், தூசி பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

கேபிள் வாங்கும்போது ஒரு விஷயம். ஐடிஇ கேபிளில் 40 கம்பி உள்ளது ஒன்று, 80 கம்பி உள்ளது ஒன்று. இரண்டுக்கும் முனையில் அதே 40 துளைதான், அதனால் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் பொருந்தும். ஆனால் 40 கம்பிக் கேபிளில் அல்ட்ரா டிஎம்ஏ 2, அதாவது நொடிக்கு 33 எம்பிக்கு மேல் போகாது. 80-ல் இரண்டு சிக்னல் கம்பிக்கு நடுவே ஒரு எர்த் கம்பி ஓடும், அதனால்தான் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் கலக்காது. பட்டையைக் கையில் பிடித்தாலே தெரியும், 80-ல் கோடுகள் மிக நெருக்கமாக, மெல்லியதாக இருக்கும். நீல முனை மதர்போர்டில், கறுப்பு முனை மாஸ்டர் டிஸ்க்கில், நடுவில் உள்ள சாம்பல் முனை இரண்டாவது டிரைவுக்கு. பழைய சிடி டிரைவில் இருந்த கேபிளைப் பிடுங்கி ஹார்ட் டிஸ்க்கில் மாட்டிவிட்டு 'முன்ன மாதிரி இல்லையே' என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. இப்போது ஐடிஇ கேபிள் ராமநாதபுரத்தில் கிடைப்பது அரிது, மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போகிறவர்களிடம் இரண்டாக வாங்கி வரச் சொல்லுங்கள், ஒன்றை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.

ஐடிஇ-க்கு அடுத்து வந்த சாட்டா வகை டிஸ்க்காக இருந்தால் வேலை இன்னும் சுலபம். மெல்லிய கேபிள், எங்கேயும் கிடைக்கும், கிளிப் உள்ளதாக வாங்குங்கள். கிளிப் இல்லாதது ஃபேன் அதிர்விலேயே நாளாவட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நிற்கும். கூடவே பவர் முனையையும் பாருங்கள், கேபிளை மாற்றிவிட்டு அதை மறந்துவிடுவார்கள். பழைய நாலு முள் பவர் முனையில் ஒரு முள் தளர்ந்திருந்தால் டிஸ்க்கின் மோட்டார் ஒரு கணம் தடுமாறும், டிஸ்க் பதில் சொல்லாது, அது 9 என்ற எண்ணில் பதியும். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய் வெறும் டப்பாவாக நிற்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஊரில் லோ வோல்டேஜ் இருக்கும் தெருவில் கேபிளை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

மாற்றியது சரிதானா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. சி7 எண் எப்போதும் குறையாது, ஏறத்தான் செய்யும். மாற்றும் முன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மாற்றிய பின் நாலைந்து ஜிபி ஃபைலை இங்கிருந்து அங்கே காப்பி போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். நகரவில்லை என்றால் கேபிள்தான் குற்றவாளி, வேலை முடிந்தது. இன்னும் ஏறுகிறது என்றால் மதர்போர்டின் சாக்கெட்டே அரித்திருக்கலாம், வேறு சேனலில் மாட்டிப் பாருங்கள்.

ரீசெட்: இரண்டு வழி, இரண்டுக்கும் வேறு வேறு இடம்

கேபிளை மாற்றினாலும் விண்டோஸ் தானாக டிஎம்ஏ-வுக்குத் திரும்பாது என்பதால் ரீசெட் எப்படியும் வேண்டும். சுலபமான வழி, டிவைஸ் மேனேஜரில் அந்த சேனலையே அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. சி டிரைவ் உள்ள சேனலை அழித்தால் விண்டோஸே போய்விடுமோ என்று பயப்படுவார்கள், போகாது. அடுத்த முறை திறக்கும்போது அதுவே கண்டுபிடித்து மறுபடி போட்டுக்கொள்ளும், இன்னொரு ரீஸ்டார்ட் கேட்கும், கொடுங்கள். அதற்கு முன் டிரான்ஸ்ஃபர் மோடு பெட்டியில் யாராவது 'பிஐஓ ஒன்லி' என்று வைத்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள், விண்டோஸ் திறக்கும் முன்பே வரும் செட்டிங்ஸான பயாஸிலும் ஒரு தடவை எட்டிப் பார்த்து அங்கே டிஎம்ஏ ஆட்டோவில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில மெஷினில் மதர்போர்டு கம்பெனியின் சிப்செட் டிரைவரே போடாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், அப்போது எத்தனை ரீசெட் செய்தாலும் வேகம் வராது, அந்த டிரைவரைப் போட்டதும் சரியாகிவிடும்.

இரண்டாவது வழி ரெஜிஸ்ட்ரி. ஐடிஇ சேனல்களின் கிளாஸ் கீயில் 0001, 0002 என்று சப்கீகள் இருக்கும், அவற்றில் 'மாஸ்டர் ஐடி டேட்டா செக்சம்', 'ஸ்லேவ் ஐடி டேட்டா செக்சம்' என்ற மதிப்புகளை அழித்தால் விண்டோஸ் டிரைவைப் புதிதாகப் பார்த்ததாக நினைத்து மோடை மறுபடி தேர்ந்தெடுக்கும். இது சேனலை அன்இன்ஸ்டால் செய்வதற்குச் சமம், கை கொஞ்சம் தவறினால் விபரீதம், ஆகவே முதல் வழி வேலை செய்யாதபோது மட்டும். இதே இடத்தில் இன்னொரு மதிப்பைச் சேர்க்கலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது, 'ரீசெட் எரர் கவுண்டர்ஸ் ஆன் சக்சஸ்' என்பது பெயர், இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து 1 என்று வைக்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு தடவை படிப்பது சரியாக நடந்தாலே பழைய பிழைக் கணக்கு அழிந்துவிடும், மாதக்கணக்கில் சேர்ந்து ஆறு ஆகிற பிரச்சினை இருக்காது.

இதைப் பலர் முதல் மருந்தாகவே சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிழை எண்ணுவதை நிறுத்துவதால் பிழை நிற்பதில்லை. கேபிளில் பச்சை பிடித்த மெஷினுக்கு இதைப் போட்டால் மெஷின் வேகமாக ஓடும், அடியில் டேட்டா திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டுக்கொண்டே இருக்கும், ஒரு நாள் கேபிள் முழுதாகக் கைவிடும்போது எந்த முன்னறிவிப்பும் இருக்காது. ஆனால் இரண்டு இடத்தில் இது சரியான மருந்து. ஒன்று, தூக்கத்திலிருந்து எழும்போது மட்டும் டிஸ்க் பதில் சொல்லத் தாமதிக்கிற பழைய லேப்டாப். இன்னொன்று, கீறல் விழுந்த டிவிடிகளைத் தினமும் படிக்க வேண்டிய டிரைவ். பழைய கல்யாண டிவிடியைக் கொண்டுவந்து பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் கீழக்கரையில் அதிகம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப வேண்டுமே. அந்த டிஸ்க்குகளைப் படித்துப் படித்தே டிவிடி டிரைவ் பிஐஓ-வுக்கு இறங்கிவிடும், டிரைவிலும் கேபிளிலும் ஒரு குறையும் இருக்காது. அங்கே தாராளமாகப் போடுங்கள். ஹார்ட் டிஸ்க்கும் டிவிடி டிரைவும் ஒரே கேபிளில் இருந்தால் பிரித்து வேறு வேறு சேனலில் மாட்டிவிடுங்கள்.

டிஸ்க்கை மாற்றுவதும் மெஷினை மாற்றுவதும்

சி5-ல் எண் நிற்கிறது, ஈவென்ட் வியூயரில் 7 வருகிறது, டிஸ்க் கடக் கடக் என்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ரீசெட்டை நினைக்கவே வேண்டாம், டிஎம்ஏ-வுக்குக் கொண்டுவந்து வேகமாக ஓட விடுவதால் டிஸ்க் பிழைக்காது. மெதுவாக வந்தாலும் பரவாயில்லை என்று முக்கியமான ஃபோல்டர்களை முதலில் எடுங்கள், அப்புறம் மிச்சம். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி வேறு மெஷினில் எடுப்பது இன்னும் நல்லது, சாகப் போகும் டிஸ்க்கில் விண்டோஸையும் ஓட்டிக்கொண்டு காப்பியும் போட வேண்டியதில்லை.

அதற்கப்புறம் எதை வாங்குவது? மதர்போர்டில் சாட்டா இருந்தால் கேள்வியே இல்லை, சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி. பழைய சாட்டா 300 போர்டாக இருந்தாலும் நொடிக்கு 250 எம்பி பக்கம் வரும், சுழலும் டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்றைம்பது கொடுப்பதே அதிகம். அதுவும் சின்னச் சின்ன ஃபைல்களில் தெரியும் வித்தியாசம் இந்த எண்களில் தெரியாது, கணக்கு சாஃப்ட்வேர் திறக்கும்போதுதான் தெரியும். நகரும் பாகம் இல்லாததால் அதிர்வுக்கும் அஞ்சாது. ஆனால் எஸ்எஸ்டி-யின் காண்டாக்டும் அதே உப்புக் காற்றில்தான் இருக்கப் போகிறது, கேபிளைப் பற்றி மேலே சொன்னது எதுவும் மாறாது. எக்ஸ்பி-யில் எஸ்எஸ்டி போடாதீர்கள், அழித்த இடத்தை டிஸ்க்குக்குச் சொல்லும் ட்ரிம் வசதி அதில் இல்லை, விண்டோஸ் 7-லிருந்துதான் உண்டு.

ஐடிஇ மட்டும் உள்ள போர்டு என்றால் புது ஐடிஇ டிஸ்க்கைத் தேடி அலையாதீர்கள். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் வேறு மெஷினிலிருந்து கழற்றியவை, அதன் ஸ்மார்ட் கணக்கைப் பார்க்காமல் வாங்குவது ஒரு நோயாளியை அனுப்பிவிட்டு இன்னொரு நோயாளியை வேலைக்கு வைப்பது மாதிரி. எடைமேடை போல அந்தச் சாஃப்ட்வேர் இல்லாமல் முடியாது என்கிற இடத்தில் மட்டும் நல்ல பழைய டிஸ்க் ஒன்றை வாங்கி, முழு டிஸ்க்கையும் நகல் எடுத்து, அலமாரியில் தயாராக வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் மெஷினையே மாற்றிவிடுவது நல்லது. அப்படி மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள், விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. செகண்ட் ஹேண்ட் வாங்கினால் விண்டோஸ் 11 ஏறுமா, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா, இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ என்று கேட்டு வாங்குங்கள்.

நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. மதர்போர்டு சாட்டா, டிஸ்க்கும் சாட்டா, ஆனால் பயாஸில் ஐடிஇ மோடு என்று வைத்து ஓட்டுகிறார்கள். எக்ஸ்பி போடுவதற்காக யாரோ அன்று மாற்றியது, அப்படியே நிற்கிறது. இந்த மெஷின்களும் மேலே சொன்ன அதே கணக்கில் பிஐஓ-வுக்கு இறங்கும். இவர்களுக்கு சாட்டாவுக்கென்றே உள்ள ஏஎச்சிஐ மோடுக்கு மாறுவதுதான் நல்ல வழி, ஆனால் பயாஸில் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் 7 நீலத் திரை காட்டி நின்றுவிடும். முதலில் ரெஜிஸ்ட்ரியின் சர்வீசஸ் பகுதியில் எம்எஸ்ஏஎச்சிஐ என்பதன் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கிவிட்டு, அப்புறம் பயாஸில் மாற்ற வேண்டும். விண்டோஸ் 8, 10-ல் இன்னும் சுலபம், எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட் டிக் போட்டு ரீஸ்டார்ட், பயாஸில் ஏஎச்சிஐ, சேஃப் மோடில் ஒரு தடவை திறந்ததும் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதை முதலில் நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் ரெகவரி கீ கேட்டு உட்கார்ந்துவிடும். எக்ஸ்பி-யிலேயே இருக்கப் போகிறவர்கள் இதைத் தொட வேண்டாம், அதனோடு ஏஎச்சிஐ டிரைவர் வருவதில்லை.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ டிரான்ஸ்ஃபர் மோடு என்ற இடத்தில் சாட்டா 300, சாட்டா 600 என்று இரண்டு எண் காட்டும், முதலாவது இப்போது ஓடுவது, இரண்டாவது டிஸ்க்கால் முடிவது. இரண்டும் வேறு வேறாக இருக்கிறதே என்று பதற்றப்பட்டுப் பலர் கேட்கிறார்கள். சுழலும் டிஸ்க் என்றால் கவலையே வேண்டாம், அதனால் 300-ஐயே நிரப்ப முடியாது. எஸ்எஸ்டி என்றால் பாருங்கள், போர்டில் 600 சாக்கெட் இருந்தும் 300-ல் மாட்டியிருக்கலாம், இல்லை கேபிள் சரியில்லாமல் இணைப்பே கீழே இறங்கியிருக்கலாம்.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்டால், ஐஸ் கம்பெனிக்கும் மீன்பிடிப் படகுக் கணக்கு எழுதும் ஆபீசுக்கும் நல்ல நேரம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்குமான மீன்பிடித் தடைக்காலம். மெஷினை நாலு நாள் கழற்றி வைத்தாலும் யாரும் திட்ட மாட்டார்கள், காற்றும் மழைக்காலம் மாதிரி ஈரமாக இருக்காது, கேபிள், காண்டாக்ட், யுபிஎஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஸ்டுடியோக்காரர்களுக்கு எஸ்எஸ்டி-யும் ஏஎச்சிஐ-யும்தான், அவர்களுக்கு நேரம் நேரடியாகக் காசு, கேபிளை மாற்றிப் பழைய டிஸ்க்கிலேயே ஓட்டுவது தை மாத முகூர்த்தத்தில் கைவிட்டுவிடும். லாட்ஜ் ரிசப்ஷனுக்கு மெஷின் நாள் முழுக்க ஓடும், கதவும் நாள் முழுக்கத் திறந்திருக்கும், ஆகவே கேஸைத் தரையில் வைக்காமல் உயர்த்தி வைத்து, வருஷம் ஒரு தடவை மழைக்கு முன் காண்டாக்டைத் துடைத்தால் போதும். வீட்டில் பிள்ளைகள் படிக்க வைத்திருக்கும் மெஷின் என்றால் சேனல் ரீசெட்டை முதலில் செய்து பாருங்கள், ஒரு பைசா செலவில்லை, சில மாதம் தாங்கினால் அது தற்செயலாக வந்த பிழை, ஒரே வாரத்தில் மறுபடி இறங்கினால் கேபிள்.

வெளியே மாட்டும் டிஸ்க் மெதுவாகப் போகிறது என்று கேட்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே பிஐஓ, டிஎம்ஏ கதை இல்லை. மெஷினின் முன்பக்கம் இருக்கும் கறுப்பு யுஎஸ்பி துளை பெரும்பாலும் 2.0, நொடிக்கு முப்பது நாற்பது எம்பிக்கு மேல் தராது. பின்னால் நீல நிறத் துளை இருந்தால் அதில் மாட்டுங்கள். அதில் மாட்டியும் அதே வேகம்தான் என்றால் முனையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், உள்ளே இருக்கும் ஐந்து சின்னக் காண்டாக்டில் ஒன்று கறுத்திருந்தாலே 3.0 இணைப்பு 2.0-வாக இறங்கிவிடும், ஆல்கஹாலில் நனைத்த பிரஷ் அதற்கும் போதும்.